மலை எந்தப் பக்கம்

எங்கள் ஊரில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும். எந்தத் தெருவில் நின்றாலும் தலையை நிமிர்த்தினால் மலை. கிரிவலம் போகிறவர்களுக்கு அது எப்போதும் வலது கைப்பக்கம் இருக்கும். கோயில் பக்கமிருந்து பார்த்தால் ஒரு வடிவம், அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் வேறு வடிவம். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு மலையின் ஒரு துண்டு தெரிந்தால் போதும், தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவான்.

போதாததற்கு நான் சர்வேயர். நிலம் அளப்பதே பிழைப்பு. வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் எல்லைக் கல்லைக் காணோம் என்று கத்திக்கொண்டிருப்பார்கள். நான் வரைபடத்தைப் பார்த்து, நாலடி தள்ளி நின்று, இங்கே தோண்டுங்கள் என்பேன். கடப்பாறை ணங்கென்று கல்லில் படும். அந்தச் சத்தத்துக்காகவே சம்பளம் இல்லாமலும் இந்த வேலையைப் பார்க்கலாம். கண்ணைக் கட்டி எங்கே விட்டாலும் வடக்கைக் காட்டுவேன் என்று கல்யாணப் பந்திகளில் பீற்றிக்கொண்டவன் நான்.

அதனால் வேங்கிக்காலில் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஆடி மாதம், சாயங்காலம். அங்கே இருக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன். வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியவில்லை. மலையைப் பார்த்தேன். மலை இருந்தது. ஆனால் அது மலையின் எந்தப் பக்கம் என்று புரியவில்லை. முன்பின் பார்க்காத ஊரில், முன்பின் பார்க்காத மலை. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். ஓரமாக ஒதுங்கி ஒரு டீ சொன்னேன். அதைக் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் பழையபடி அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது. சர்க்கரை கம்மியாகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.

என் பெரியப்பா கடைசிக் காலத்தில் சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு இது யார் வீடு என்று கேட்டவர். அவருடைய சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்தவர்களில் நானும் ஒருவன். சாவியைத் தேடி அவர் வீடெல்லாம் நடந்தார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பு இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்தது. என்னிடமும் ஒருநாள் சாவியைப் பிடுங்கிவிடுவார்களோ என்பதுதான் பயம். எனக்கும் அந்த மறதி வந்திருக்கிறதா, ஒன்றும் வரவில்லையா என்ற குழப்பம் தனி.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வந்தாள். ஜவ்வாது மலையில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு குகையைப் போனில் காட்டினாள்.

“நாளைக்குப் போலாம்பா. எப்பப் பாத்தாலும் ஒரே மலையச் சுத்தினு இருக்கீங்க. வேற மலையும் இருக்குதுப்பா.”

என் மனைவி வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். கொண்டை ஊசி வளைவு என்றாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். அவளோ, “போலாம். ஆனா நான்தான் முன்னாடி உக்காருவேன்” என்றாள்.

இதுவும் எனக்குப் புரியாத விஷயம். முன்சீட்டு என்றால் அவளுக்கு நடுக்கம். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். ஆனால் கொஞ்ச நாளாக முன்சீட்டை விடுவதில்லை. கூடவே ஒரு புதுப் பழக்கம், வாய் ஓயாமல் வழி சொல்வது. நான் பிறந்த ஊரில் எனக்கே வழி!

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பழைய காரில் கிளம்பினோம். அன்றும் தெரு முனையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“கலெக்டர் ஆபீஸ் வந்துடுச்சு. நேரா போலாங்க.”

“தெரியும்.”

“கலசபாக்கம் பாலம் வருது. ஆத்துல தண்ணி ஜாஸ்தி போவுது பாருங்க.”

“பாத்தேன்.”

“போளூர்ல இடது பக்கம்ங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “வண்டிய நான் ஓட்டறனா, நீ ஓட்டறியா?”

“நீங்கதான் ஓட்டறீங்க. நான் சும்மா பாத்துனு வரேன்.”

பின்சீட்டில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். போனில் வரும் வழிகாட்டிப் பெண்கூட அம்மா அளவுக்குப் பேசமாட்டாள் என்றாள். நான் கோபத்தில் போளூரிலிருந்து மலையடிவாரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. புளியமரம், பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம் என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். (இந்த வரிசையெல்லாம் எனக்கு நினைவிருந்து எழுதவில்லை. அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.)

மேலே ஏறியதும் எங்கள் மலை கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. முன்னால் மலை, பின்னால் மலை, இரண்டு பக்கமும் மலை. எல்லாப் பக்கமும் மலை இருந்தால் மலை இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு வளைவில் மலை ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “இன்னும் ஏறணும்ங்க, ரெண்டு வளைவு” என்றாள் அவள். நான் அவளிடம் எதுவும் கேட்கவே இல்லை.

ஒரு சின்ன ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, சாமை வயல்களின் நடுவே நடந்து ஆற்றுக்கு இறங்கினோம். பெரிய ஆறு இல்லை, முழங்கால் அளவுத் தண்ணீர். ஆனால் அந்தச் சில்லிப்பு உச்சந்தலை வரை ஏறியது. கரையில் ஒரு நாவல் மரம். அதன் அடியில் ஜமக்காளத்தை விரித்து, கட்டிக் கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரித்தோம். மகள் உருளைக்கிழங்கு வறுவலைத் தனியாக ஒதுக்கிக்கொண்டாள். எனக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. தொழில் புத்தியில் ஆற்றை அளந்துவைத்தேன். ஆற்றைப் பார்த்து நின்றால் தண்ணீர் இடமிருந்து வலம் போகிறது. முதுகுக்குப் பின்னால் வீடு மாதிரி ஒரு பெரும்பாறை. அதில்தான் குகை.

மனைவி உள்ளே வரவில்லை. ஆற்றோரமாகப் பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவள், “ரொம்பத் தூரம் போவாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

குனிந்து நுழைந்தோம். ஆட்டுப் புழுக்கை, வௌவால் நாற்றம், யாரோ சமைத்த கரி. மகள் போன் வெளிச்சத்தில் படம் எடுக்க நின்றுவிட்டாள். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததால் நான் முன்னால் போனேன். ஒரு இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்து வெளியே வந்தேன்.

எதிரே ஆறு. தண்ணீர் இடமிருந்து வலம் போனது. முதுகுக்குப் பின்னால் பாறை. நுழைந்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் நாவல் மரத்தைக் காணோம். ஜமக்காளம் இல்லை, சாப்பாட்டுக் கூடை இல்லை, மனைவி இல்லை.

ஆறு அந்தப் பாறையை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது, பாறையின் எந்த வாயிலிருந்து வெளியே வந்தாலும் தண்ணீர் இடமிருந்து வலமாகத்தான் போகும். இதை நில வரைபடத்தில் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். அங்கே நின்றபோது எனக்கு அது தோன்றவில்லை. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்களா என்று நினைத்தேன். சூரியனைப் பார்த்தேன், உச்சியில் நின்றது. மலையைத் தேடினேன், சுற்றிலும் மலைகள். பிறகு நான் யாருடனாவது வந்தேனா, தனியாகத்தான் வந்தேனா என்று ஒரு சந்தேகம் வந்தது. அதுதான் என் வாழ்க்கையிலேயே மிக மோசமான நேரம். குரல் கொடுக்கவும் வெட்கமாக இருந்தது. ஊருக்கே எல்லை காட்டுகிறவன் என்ன சொல்லிக் கத்துவது?

அப்போது ஒரு குரல் கேட்டது. அவசரமில்லாமல், சத்தமாக, கடையில் சாமான் பட்டியல் சொல்வதுபோல.

“இங்க ஒரு நாவமரம் இருக்குது. மரத்தாண்ட ஜமக்காளம் விரிச்சிருக்குது. ஜமக்காளத்து மேல கூடை இருக்குது. தண்ணி வர்ற பக்கமா ஆத்தோரமாவே நடந்து வந்தா வந்துடலாம். நடுவுல ஒரு வழுக்குப் பாறை இருக்குது, பாத்து வரணும்.”

என் மனைவி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்றும் கூப்பிடவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வருகிற பக்கமாக நடந்தேன். வழுக்குப் பாறை வந்தது, பார்த்து ஏறினேன். பாறையைச் சுற்றித் திரும்பியதும் நாவல் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

குகையிலிருந்து மகள் தலையை நீட்டினாள். “எங்கப்பா போயிட்டீங்க? உள்ள தேடினு இருந்தேன்.”

“அப்பா ஆறு எப்படி வளையுதுனு பாக்கப் போனாரு” என்றாள் மனைவி, என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தபடி.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கலெக்டர் ஆபீஸ், கலசபாக்கம் பாலம், போளூரில் இடது பக்கம், ரெண்டு வளைவு. இத்தனை நாளும் இவள் வாயாடவில்லை, வழி காட்டியிருக்கிறாள். நான் வள்ளென்று விழுந்தபோதெல்லாம் வாங்கிக்கொண்டு வழியை மட்டும் விடாமல் சொல்லியிருக்கிறாள். கோபம் போன இடத்தில் அழுகை வந்தது. முகம் கழுவுகிற சாக்கில் ஆற்றுக்குள் குனிந்துகொண்டேன்.

மகள் டப்பாக்களை அலசத் தள்ளிப் போனதும் கேட்டேன்.

“எப்பலருந்து தெரியும்?”

அவள் ஜமக்காளத்தை உதறி மடித்தாள். “வைகாசிலருந்து.”

“ஆடி மாசந்தான் நடந்துது. வேங்கிக்கால்ல. நான் உங்கிட்டச் சொல்லவே இல்லியே.”

“அது எனக்குத் தெரியாதுங்க. நான் சொல்றது வைகாசில. காலைல பால் வாங்கப் போனீங்க. ரெண்டு மணி நேரமாச்சு. பக்கத்து ஊட்டுக்காரரு இட்டுனு வந்து உட்டாரு. அவரு போனதும் என் கையப் புடிச்சினு, யார்கிட்டயும் சொல்லாதனு சொன்னீங்க. நான் சொல்லலையே.”

அப்படி ஒரு காலை எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நினைவில்லை, அவள் கையைப் பிடித்தது நினைவில்லை. இன்று வரை எவ்வளவு தோண்டினாலும் அந்த இடத்தில் கல் தட்டுப்படவில்லை.

“அப்பறம் ஏன் சாவிய எடுத்து ஒளிச்சு வைக்கல?”

“வச்சா நீங்க ஊட்டுலயே முடங்கிடுவீங்க. அதான் கூடவே உக்காந்துனு வரேன்.”

“லாரி வந்தா பயமா இல்லியா?”

“பயமாத்தான் இருக்குது” என்றாள்.

மேலே வந்ததும் கார் சாவியை மகளிடம் நீட்டினேன். கால் வலியாப்பா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். மனைவி பின்சீட்டில் ஏறி, பல மாதம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மலை இறங்கிப் போளூர் தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

வெயில் தாழ்ந்தபோது தெற்கே தூரத்தில் ஒரு மலை தெரிந்தது. எங்கள் மலையாகத்தான் இருக்க வேண்டும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வடிவம் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

“அது மலையோட எந்தப் பக்கம்மா?” என்றேன்.

மகள் சிரித்தாள். “என்னப்பா, என்ன டெஸ்ட் பண்றீங்களா?”

“இல்லம்மா. நெஜமாவே தெரியல.”

வண்டியின் வேகம் குறைந்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணாடியில் அவள் அம்மாவைப் பார்த்தாள். பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை வந்து படிந்தது.

“வடக்குப் பக்கம்ங்க” என்றாள் மனைவி. “இதோ, கலசபாக்கம் பாலம் வருது.”