ஒண்ணும் பண்ணலை மேடம்

"யாரும் எதையும் தொடலையே?" என்று கேட்டுக்கொண்டேதான் உமாதேவி செருப்பைக் கழற்றுவார். கேள்வி முடிவதற்குள் அறையில் இருக்கிற எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கட்டாதவரைப் பார்த்து, "கை பின்னால போகட்டும் சார். இங்க எல்லா வியாதியும் விரல்லேர்ந்துதான் வருது" என்பார். தலை நரைத்த மிருதங்க வித்வான்கள்கூட பிரேயருக்கு நிற்கும் பையன்களைப் போல நிற்பார்கள்.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரைப் பார்ப்பார். நேராகப் பார்க்க மாட்டார். கல்யாண வீட்டில், பேச்சுவார்த்தை விட்டுப்போன உறவுக்காரரைப் பார்ப்பது போல ஓரக்கண்ணால் ஒரு பார்வை.

மைசூரில் பாட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற ஸ்டுடியோக்கள் நாலோ ஐந்தோதான். அத்தனைக்கும் உமாதேவிதான் வைத்தியர். முப்பத்தாறு வயது. அப்பா ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்தவர். காலையில் உமாதேவி அக்ரஹாரத்தில் ஒரு மாடிப்படிக்கு மேலே பிள்ளைகளுக்கு டாஸ் என்கிற கம்ப்யூட்டர் பாஷை சொல்லிக்கொடுக்கிறார். மத்தியானத்துக்கு மேல் லூனாவில் கிளம்பிவிடுவார். அவருடைய பையில் இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ், ரப்பர் பேண்ட் போட்ட ஃப்ளாப்பிகள், கொஞ்சம் கொண்டை ஊசி. கொண்டை ஊசி தலைக்கு அல்ல. தசரா முடிந்த வாரம்தான் அவருக்கு அதிக வேலை. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைக்கிறவர்கள், அதற்கு நெற்றி எங்கே என்று தெரியாமல் ஃப்ளாப்பி போடுகிற சந்தில் வைத்துவிடுகிறார்கள்.

பையில் ஒரு நீள நோட்டும் உண்டு. கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருக்கும். இடது பக்கம், "என்ன பண்ணீங்க?" என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னது. வலது பக்கம், உண்மையில் பண்ணியது. கேசட் உறைகளில் தமிழ்ப் பிழை பார்க்கப் போய்வருகிறவன் என்ற சலுகையில் அதை ஒருமுறை புரட்டியிருக்கிறேன். இடது பக்கம் முழுக்க ஒரே வரிதான், பக்கம் பக்கமாக: ஒண்ணும் பண்ணலை. ஒண்ணும் பண்ணலை. ஒண்ணும் பண்ணலை. வலது பக்கத்தில்தான் இலக்கியம். "இடம் போதலைன்னு சிஸ்டம் ஃபைல்களை அழிச்சார்." "மைக் ஒயரைச் சுவிட்ச் போர்டில் சொருகினார்." "காப்பி."

"மருந்து அப்புறம் சார். மொதல்ல என் எதிர்ல இன்னொரு தடவை கொல்லுங்க" என்பது அவருடைய வைத்திய முறை. செத்தது எப்படிச் செத்தது என்று கண்ணால் பார்க்காமல் அவர் ஒரு திருகாணியைக்கூடத் திருக மாட்டார். சிக்கல் என்னவென்றால், அவர் வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் அது ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிடும். "உங்க கைராசி மேடம்" என்று யாராவது சொன்னால் உமாதேவிக்குக் கெட்ட கோபம் வரும். "ராசியா? அப்ப நான் படிச்சது எதுக்கு? உண்டியல் வைச்சு உக்காந்திருக்கலாமே!"

போன ஆனி மாதம் சுதர்ஷனுடைய ஸ்டுடியோவில் நடந்ததைச் சொன்னால் அவரைப் பற்றி மிச்சமும் சொன்னதாகிவிடும்.

சுதர்ஷன் ஸ்டுடியோவின் உரிமையாளர். வீட்டில் தமிழ்தான் என்பார். வாயைத் திறந்தால் பாதி கன்னடம். அங்கே பாட வந்தவர் பி. ஆர். நஞ்சுண்டன், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர்கள் முதல் பால்காரன் வரை அவரைப் பி.ஆர்.என். என்றுதான் கூப்பிடுவார்கள். முருகன் மேல் தாமே எட்டுப் பாட்டுக் கட்டியிருந்தார். ஆடிக் கிருத்திகைக்குக் கோயிலில் கேசட் வெளியீடு என்று நோட்டீஸும் அடித்தாகிவிட்டது. ஆனால் முதல் பாட்டையே தாண்ட முடியவில்லை. மற்றவர்கள் பாடினால் சமர்த்தாகக் கேட்டுக்கொள்கிற கம்ப்யூட்டர், இவர் பாடி முடித்ததும் அப்படியே உறைந்துவிடும். அணைத்துப் போட்டால் பாட்டு போயிருக்கும். பத்து முறை பாடிவிட்டார், பத்து முறையும் அதே கதி. உச்ச ஸ்தாயிதான் காரணம் என்று சுருதியைக் குறைத்துப் பாட வைத்தார்கள். ஒருநாள் கம்ப்யூட்டர் மேல் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதற்குள் தெருவில் அவருக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது: கம்ப்யூட்டரைக் கொன்ற பாகவதர்.

"இன்னைக்கு ஆகலேபேக்கு மேடம், முடிஞ்சே ஆகணும்" என்றார் சுதர்ஷன் அந்தச் சனிக்கிழமை. "இவருக்காக இந்த ஒரு நாள்தான். இன்னைக்கும் செத்துப்போச்சுன்னா, மிச்ச தேதியெல்லாம் பஜனை மண்டலிக்குக் கொடுத்துடுவேன். ரிப்பேருக்கும் பெங்களூர்லேர்ந்து இஞ்சினியரை வரவழைக்கறதா இருக்கேன். தப்பா நெனைக்கபேடி."

உமாதேவி தப்பாக நினைத்தார். பையை மேஜை மேல் வைத்த சத்தத்திலேயே அது தெரிந்தது.

வழக்கம்போல விசாரணை. "என்ன பண்ணீங்க சுதர்ஷன்?"

"ஒண்ணும் பண்ணலை மேடம். ரெக்கார்ட் பண்ணேன், சேவ் பண்ணேன், அஷ்டே, அவ்வளவுதான்."

"நீங்க சார்?"

"பாடினேம்மா" என்றார் பி.ஆர்.என். தலை நிமிரவே இல்லை. "வேற ஒண்ணும் பண்ணலை."

அப்புறம் உமாதேவி என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்களைக் கேக்கலை. நீங்க எங்கயுமே ஒண்ணும் பண்ண மாட்டீங்க" என்றார். வாசற்படியில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்த லீலா அம்மாள், பி.ஆர்.என்.னின் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, கொல்லுங்க" என்றார் உமாதேவி. உடனே, "ஸ்வல்ப இருங்க. விசாரணைன்னா வீட்ல எல்லாரும் இருக்கணும்" என்று சொல்லி, கம்ப்யூட்டரோடு ஒயரால் பிணைந்திருந்த எல்லாவற்றுக்கும் சுவிட்சைப் போடச் சொன்னார். மூலையில் ஒரு பழைய பிரின்டர், பூப்போட்ட உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. மாசத்துக்கு ஒருமுறை கேசட் லேபிள் அடிக்க மட்டும் எழுப்புவார்கள். அதன் உறையை அவரே உருவி, சுவிட்சைப் போட்டார்.

பி.ஆர்.என். பதினோராவது முறையாகப் பாடினார். நன்றாகவே பாடினார். முடிந்ததும் சுதர்ஷன், பயத்தோடு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, சேவ் செய்தார்.

கிர்ர்ரென்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினோம். மூலையில் பிரின்டர் அடிக்க ஆரம்பித்திருந்தது.

யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. காகிதம் மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது. அதில் சிரிக்கிற முகங்கள், அரைகுறைக் கோடுகள், சீட்டுக்கட்டு இஸ்பேட்டு, ஆட்டின். பி.ஆர்.என். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார்.

"என்னம்மா இது?"

"உங்க பாட்டு சார்."

"முருகன் பாட்டுல ஏம்மா ஆட்டின் வருது?"

உமாதேவி திரையைப் பார்த்தார், பிரின்டரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"சார், உங்க பேரை ஏற்கெனவே ஒருத்தன் வைச்சிருக்கான். இதோ, இவன்தான்" என்று பிரின்டரைக் காட்டினார். "பிரின்டர்ங்கறதைச் சுருக்கி, கம்ப்யூட்டருக்குள்ள இவன் பேரு பி.ஆர்.என். பொறந்ததுலேர்ந்து அதான் பேரு. சுதர்ஷன் அந்தப் பேர்ல பாட்டை வைக்கச் சொன்னதும், அது நேரா இவன்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்குது. இவன் இத்தனை நாளா தூங்கிட்டிருந்தான். அது கதவைத் தட்டிட்டு அப்படியே நின்னுடுச்சு. உங்க தொண்டையில ஒரு தப்பும் இல்லை."

பி.ஆர்.என். நிமிர்ந்தார். நான் பார்த்தவரை அந்த மாதத்தில் முதல் தடவையாக. அடுத்த கணமே முறைத்தார். "இது எங்கப்பா வைச்ச பேரும்மா!"

"அவனுக்கும் அவங்கப்பா வைச்சதுதான் சார். ஒரு எழுத்தை எடுத்துட்டா ஆய்த்து, சரியாயிடும். பி-யை எடுக்கட்டுமா?"

"பிரியாபட்டணம்மா அது! எங்க ஊரு."

"ஆர்?"

"அப்பாவை எடுக்கச் சொல்றியா?"

"என்?"

"அப்புறம் பாடினது யாரு?"

சுதர்ஷன் கடிகாரத்தைப் பார்த்தார். வாசற்படியிலிருந்து லீலா அம்மாள் பேசினார். "எடுக்க மனசில்லைன்னா சேக்கறது. முப்பத்திரண்டு வருஷமா ஃபிளாஸ்கைத் தூக்கிட்டுப் பின்னாலயேதானே வரேன். ஒரு எழுத்துக்கு இடம் இருக்காதா?"

"புருஷன் பேருக்குப் பின்னால பொண்டாட்டி இனிஷியலா? யாராவது பாத்தா சிரிப்பாங்க, லீலா."

"உள்ளதானே சார் இருக்கும். மிஷினுக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றார் உமாதேவி.

பி.ஆர்.என். சம்மதம் என்று சொல்லவில்லை. சுக்குக் காப்பி ஒரு வாய் குடித்துவிட்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

பன்னிரண்டாவது முறை. பாட்டு முடிந்தது. உமாதேவியே நான்கு எழுத்துகளைத் தட்டினார். திரையில் நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. லீலா அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். எல்லோரும் மூலையைப் பார்த்தோம். பிரின்டர் பேசாமல் இருந்தது.

"ஆய்த்தா?"

"ஆய்த்து" என்றார் உமாதேவி. போட்டுக் காட்டினார். பி.ஆர்.என்.னின் குரல் இரண்டு பக்கப் பெட்டியிலிருந்தும் வந்தது. அவர் தமது குரலை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சப்பட்டு, ஆட்டினும் இஸ்பேட்டுமாக வந்த காகிதத்தைப் பத்திரமாக மடிக்க ஆரம்பித்தார். பெங்களூர் இஞ்சினியரைப் பற்றி யாரும் பேசவில்லை.

"நம்ம அதிர்ஷ்டம் பாருங்க மேடம்" என்றார் சுதர்ஷன். "ரெண்டாவது பாட்டுக்கு வந்திருந்தா பக்கத்துல ரெண்டுன்னு நம்பர் போட்டிருப்பேன், அது சேவ் ஆகியிருக்கும். அதிருக்கட்டும், ஃபைலுக்குப் பாடறவங்க இனிஷியலை மட்டும் வைக்கணும்னு எனக்கு யார் சொன்னது? நானா யோசிக்கலையே..."

அப்போதுதான் கவனித்தேன். திரையின் நெற்றியில் செல்லோ டேப் போட்டு ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம். நீல மசி, சாய்ந்த கையெழுத்து. *ஃபைலுக்கு இனிஷியல் மட்டும். கதை எழுத வேண்டாம். – உமா.* பாட்டுக்கெல்லாம் "நேத்து சாயங்காலம் பாடினது" என்று சுதர்ஷன் பெயர் வைத்துத் தொலைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டியது. பிரின்டரின் பெயரை ஃபைலுக்கு வைக்கக் கூடாது என்றோ, நாலு வருஷமாகக் கரும்பலகையில் பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டுக்கொண்டிருப்பவர் அவரேதான்.

உமாதேவி நீள நோட்டைத் திறந்தார். வலது பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைக் காலியாக விட்டுவிட்டு, இடது பக்கத்தில் வழக்கமான அந்த ஒரே வரியை எழுதினார். எழுதி முடிக்கும்போதே அவருடைய இடது கை, திரையைத் துடைப்பது போல மேலே போய், அந்தத் துண்டுக் காகிதத்தை ஓசையில்லாமல் உரித்து, நோட்டுக்குள் வைத்து மூடியது. நிமிர்ந்தபோது, நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. "கை பின்னால" என்றார். கட்டிக்கொண்டேன்.