நூற்று எழுபத்து மூன்று கேள்விகள் கேட்ட புரோகிராம்

புதிதாகப் புரோகிராம் எழுதுகிறவனுக்குப் பெயர் கிடைக்கும். பிறர் எழுதியதைப் பழுது பார்க்கிறவனுக்குத் தலைவலி மாத்திரைதான் கிடைக்கும். எழுபதுகளில் ராயப்பேட்டையில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கிய கம்ப்யூட்டர் நிலையத்தில் நான் இரண்டாவது வகை. யாரோ போட்டுவிட்டுப் போன ஒயரிங்கைத் தொட்டு ஷாக் வாங்கியவர்கள், யாரோ கிறுக்கிய கோப்பைப் படித்துக் கண் பூத்தவர்கள் எல்லோரும் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

சரிந்த பெட்டி

எங்களிடம் இருந்த பெரிய வேலை, ஒரு வாரியத்தின் ஆசிரியர் பயிற்சித் தேர்வு. மதிப்பெண்களைக் கொடுத்தால் யார் பாஸ், யார் ஃபெயில் என்று மிஷின் அச்சடித்துத் தரும். அந்தப் புரோகிராமை எழுதியவர் எங்கள் தலைவர் சேஷாத்ரி. அப்போதெல்லாம் புரோகிராம் என்றால் துளை போட்ட அட்டைகள், ஒரு வரிக்கு ஓர் அட்டை. இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகள் நீளமான தகரப் பெட்டியில் வரிசையாக நிற்கும். வாரியம் வருஷத்துக்கொரு விதியை மாற்றும். சேஷாத்ரி சார் பழைய அட்டைகளைத் தொடவே மாட்டார். நடுவில் நாலு புது அட்டையைச் செருகி, ‘இதை விட்டுவிட்டு அங்கே போ, பார்த்துவிட்டு இங்கே வா’ என்று எழுதிவிடுவார். அவசரத்தில் செருகியவற்றுக்கு வரிசை எண்ணும் போட மாட்டார்.

ஒருநாள் மிஷின் அறை ஆபரேட்டர் தாஸ் அந்தப் பெட்டியோடு படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். எண் போட்ட அட்டைகளை மிஷினே அடுக்கிக் கொடுத்துவிட்டது. எண் இல்லாத முந்நூறு அட்டைகள் மிச்சம். கையில் இருந்த அச்சுப் பிரதியோ இரண்டு வருஷம் பழையது. ஒவ்வோர் அட்டையாக எடுத்துக்கொண்டு போய் சேஷாத்ரி சாரிடம் கேட்டேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாதிக்கு மேல் உதட்டைப் பிதுக்கினார். எது எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. முட்டியில் கட்டோடு உட்கார்ந்திருந்த தாஸைப் பார்த்து என் எரிச்சலையெல்லாம் கொட்டினேன். அவர் அசரவில்லை.

“இன்னா சார், எழுதுனவருக்கே எது எங்கன்னு தெர்ல. வுழுந்தவன் மேல இன்னாத்துக்கு காயறே?”

ஸ்டெல்லாவின் விரல்

எங்கள் நிலையத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முடிவு தப்பாக வந்தால் புரோகிராம் தப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. மதிப்பெண்களை அட்டையில் துளையாகப் போட்ட பெண்ணின் தப்பு என்று எழுதி மெமோ கொடுத்துவிட வேண்டும். சாந்தோம்காரப் பெண்ணான ஸ்டெல்லாவுக்கு அப்படி ஒரு மெமோ வந்திருந்தது, நான் சேர்வதற்கு இரண்டு வருஷம் முன்பு. அவள் தங்கை ஆக்னஸ் ஆசிரியர் பயிற்சித் தேர்வு எழுதினாள். செய்முறைத் தேர்வுக்கு வரவில்லை என்று போட்டு மிஷின் அவளை ஃபெயிலாக்கிவிட்டது. வீட்டார் முறையிடுவதற்குள் மனு கொடுக்கும் நாளும் போயிற்று, அட்டைகளும் பழைய காகிதக்காரனிடம் போயின. அவள் படித்த பள்ளிக்கூடத்து அட்டைகளுக்குத் துளை போட்டவள் யார் என்று பார்த்தார்கள். ஸ்டெல்லா.

மறுபடி எழுதச் சொன்னதற்கு, ஒழுங்காக எழுதிய தேர்வை எதற்கு இன்னொரு முறை எழுதவேண்டும் என்று ஆக்னஸ் மறுத்துவிட்டாளாம். டீச்சராக வேண்டியவள் ஒரு தையல் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே வீடு, ஒரே அறை, பேச்சு மட்டும் கிடையாது. ஸ்டெல்லா அதன் பிறகு ஒவ்வோர் அட்டையையும் அடித்து முடித்து, விரலால் தடவி மூன்று தடவை படிப்பாள். மற்ற பெண்கள் ஐம்பது அடிப்பதற்குள் இவள் இருபது அடிப்பாள். ஏனம்மா இப்படி என்று கேட்டேன்.

“என் விரல் மேல எனக்கே நம்பிக்கை இல்ல சார்.”

டைமண்ட் எண்ணினேன்

பதினொரு நாள் பட்ட பாடு எனக்கு ஒரு புத்தியைக் கொடுத்தது. புரோகிராம் போகும் வழியைப் படமாக வரைவோம் இல்லையா, அதில் ‘ஆமாவா, இல்லையா’ என்று கேட்கும் இடத்துக்கெல்லாம் டைமண்ட் போல ஒரு சாய்ந்த கட்டம் வரும். ஒரு டைமண்ட் என்றால் அந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. டைமண்ட் கூடக் கூட, எந்த வழியில் என்ன நடக்கும் என்று எந்த மனிதனாலும் நினைவில் வைக்க முடியாது. அப்படியானால் அதை எண்ணினாலே சிக்கல் எவ்வளவு என்று தெரிந்துவிடுமே!

இருபத்தாறு தாள்களில் வரைந்து தாழ்வாரச் சுவரில் ஒட்டி, சிவப்புப் பென்சிலால் எண்ணினேன். நூற்று எழுபத்து மூன்று. எல்லாம் ஒரே புரோகிராமுக்குள், ஒன்றிலிருந்து ஒன்று தாவிக்கொண்டு. இதைச் சிறு துண்டுகளாகப் பிரித்து எழுதவேண்டும், ஒரு துண்டில் பத்துக்கு மேல் கூடாது என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஏன் பத்து என்றால், எனக்கு விரல் அவ்வளவுதான். சேஷாத்ரி சாரை அழைத்துக் காட்டினேன். மனிதர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பெருமையாக நடந்தார்.

“நூத்தியெழுபத்தி மூணு கேள்வி கேட்கறதுன்னா, அவ்வளவு ஜாக்கிரதையா எழுதியிருக்கேன்னு அர்த்தம் ஓய். ஆத்துல உக்காந்து ராப்பகலா யோசிச்சுண்டு எழுதினது.”

பெரியப்பா தந்த சான்றிதழ்

பிரித்து எழுத அனுமதி கிடைத்ததற்குக் காரணம் என் வாதத் திறமை இல்லை. அட்டைகள் மறுபடி சரிந்தால் என்ன செய்வது என்று சேஷாத்ரி சாருக்கே பயம் வந்துவிட்டது. பதினெட்டுத் துண்டுகள் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. ‘அங்கே போ’ என்று தாவுவது கிடையாது. மூன்று மாதம் அதிலேயே கிடந்தேன். தி. நகரில் துணிக்கடை வைத்திருந்த என் பெரியப்பா திருநெல்வேலியிலிருந்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால், இந்த வாரம் புதிதாக என்ன செய்தாய் என்று கேட்பார். புதிதாக ஒன்றுமில்லை, ஏற்கெனவே ஓடுவதைப் பிரித்துத் திரும்பச் சேர்க்கிறேன், வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“தச்ச சட்டையப் பிரிச்சு மறுபடி அதே சட்டையத் தைக்கதுக்குச் சம்பளம் குடுக்கானாலே? நல்ல கம்பெனிதாம்லே!”

மூன்றே மூன்று நம்பர்

அந்த வருஷத்து மதிப்பெண் அட்டைகளைப் பழைய புரோகிராமிலும் புதியதிலும் ஓட்டிப் பார்த்தோம். ஆயிரக்கணக்கான நம்பர்களில் மூன்று மட்டும் ஒத்துப் போகவில்லை. பழையது ஃபெயில் என்றது, புதியது பாஸ் என்றது. புதியதில்தான் கோளாறு என்றார் சேஷாத்ரி சார், யோசிக்காமலே. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இரண்டு நாள் என் பதினெட்டுத் துண்டுகளையும் சலித்தேன். அங்கே ஒன்றுமில்லை. பிறகுதான் தாழ்வாரச் சுவருக்குப் போனேன்.

ஒருத்தி செய்முறைத் தேர்வுக்கு வரவில்லை என்றால் பழைய புரோகிராம் ‘வரவில்லை’ என்று ஒரு குறி போட்டுக்கொள்ளும். அடுத்தவளைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குறியை அழித்துவிடவேண்டும். எல்லா வழியிலும் அழித்தது, ஒரு வழியைத் தவிர. வராதவள் ஒரு பள்ளியின் கடைசி நம்பராக இருந்தால், செருகிய அட்டை ஒன்று வேறு பக்கம் தாவி, அழிக்கிற இடத்தைத் தாண்டிப் போய்விடும். குறி அப்படியே நிற்கும். அடுத்த பள்ளியின் முதல் நம்பர் தேர்வெழுதியிருந்தாலும் அவளும் வராதவள்தான். நூற்று எழுபத்து மூன்று டைமண்டுக்குள் இது நாலு வருஷமாக ஒளிந்திருந்தது. இதை நான் சேஷாத்ரி சாருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, அட்டைக் கட்டோடு வந்த ஸ்டெல்லா கதவருகே நின்றுவிட்டாள். பள்ளியில் நம்பர் கொடுப்பது ஆங்கில அகர வரிசைப்படி.

“ஆக்னஸ்தான் சார் அவ ஸ்கூல்ல முதல் நம்பர்.”

பரண்

அட்டைகள் போய்விட்டன. ஆனால் அட்டைகளை மிஷின் படித்ததும் அப்படியே ஒரு பிரதி அச்சடித்து வைப்போம். அது இருந்தால் தெரிந்துவிடும். ஆக்னஸ் எழுதிய வருஷத்துக் காகிதம் எங்கே என்று தாஸைக் கேட்டேன். பழைய காகிதத்தை அவர் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் தன் அம்மாவுக்கு எடுத்துப் போவது எல்லோருக்கும் தெரியும். இதுவும் மீன் கட்டப் போயிருக்கும் என்று நினைத்தேன். அவர் ஏணியைப் போட்டுப் பரணில் ஏறி, தூசியோடு ஒரு கட்டைக் கீழே இறக்கினார்.

முந்தைய பள்ளியின் கடைசி நம்பர்: செய்முறைத் தேர்வுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வரி ஆக்னஸுடையது. செய்முறைத் தேர்வில் எழுபத்தெட்டு. ஸ்டெல்லா ஒரு துளையும் தப்பாகப் போடவில்லை. அவள் அந்த வரியை, தன் வழக்கப்படி, விரலால் மூன்று தடவை தடவிப் படித்தாள். அழவில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாஸ் தலையில் இருந்த ஒட்டடையைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

“இந்தக் கட்டு மட்டும் மழையில நனைஞ்சி போச்சி சார். மீனு கட்டக்கூட ஆவாதுன்னு போட்டு வச்சிருந்தேன். நல்ல வேளை, கீது.”

மேலிடம்

நானும் சேஷாத்ரி சாரும் அந்தக் காகிதத்தோடு வாரிய அதிகாரியைப் பார்க்கப் போனோம். அந்த வருஷத்து மூன்று பேருக்கும் முடிவு இன்னும் வெளியாகவில்லை, அதனால் திருத்திக்கொள்ளச் சொன்னார். பழைய வருஷத்து முடிவுகளைப் பற்றிக் கேட்டபோது மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காகிதத்தைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நாலு வருஷத்தில் இப்படி எத்தனை முதல் நம்பர்களோ, மற்ற கட்டுகளெல்லாம் மீனோடு போய்விட்டன. சேஷாத்ரி சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு எங்களுடையது என்று நான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை.

“மிஷின் தப்புப் பண்ணிச்சுன்னு வெளியில தெரிஞ்சா, பாஸான டீச்சரைக்கூட எந்த ஸ்கூல்லயும் நம்பமாட்டாங்க சார். விட்டுடுங்க.”

சாந்தோம்

தான் சொன்னால் தங்கை நம்பமாட்டாள், நீங்கள் வந்து சொல்லுங்கள் என்று ஸ்டெல்லா கேட்டாள். அலுவலகக் காகிதத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான். மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஆக்னஸ் யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் தாளைக் காட்டி, குறி அழியாமல் நின்ற கதையைச் சொன்னேன். தேர்ச்சி மட்டும் கிடைக்காது என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு, தன் நம்பரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்ற ஸ்டெல்லா உள்ளே வரவில்லை. ஆக்னஸ் அந்தப் பக்கம் பார்க்காமலே, ஆனால் அக்காவுக்கும் கேட்கும்படி, என்னிடம் பேசினாள்.

“பிராக்டிகல் அன்னிக்கு பஸ் வரல சார். ஸ்கூல் வாசல் வரைக்கும் அக்காதான் என்கூட நடந்து வந்தா.”

நூற்று எழுபத்து மூன்று கேள்விகளைப் பதினெட்டுத் துண்டாகப் பிரித்தவன் நான், அவற்றைப் பின்னியவருக்கு அந்த வருஷமே பதவி உயர்வு வந்தது, ஸ்டெல்லாவுக்குக் கொடுத்த மெமோவை மட்டும் நான் அங்கே வேலை பார்த்தவரை யாரும் திரும்பப் பெறவில்லை.