எழுப்பிவிட்டதற்குக் கைதட்டினார்கள்

என் அக்காவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துக் கைதட்டிய அந்த டாக்டரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவுக்கு ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து எடுக்க வேண்டும். எச்.ஐ.வி.யைக் கொடுத்துவிட்டு அத்தான் போய்ச் சேர்ந்தார். அவரைத் திட்ட ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள். பதினாறு வருஷமாகக் காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. யாருக்கும் தெரியக் கூடாதென்று சலவைக்கூடக் கழிவறையில் நின்று முழுங்குவாள். பதினோரு வருஷமாக ரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்றுதான் அறிக்கை வந்தது. அந்த மாத்திரையை விட்டுத் தொலைப்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

அப்போதுதான் இந்த ஆராய்ச்சி டாக்டர் வந்தார். உடம்பின் சில உயிரணுக்களுக்குள் கிருமியின் மரபணு இறுக்கிச் சுருட்டப்பட்டுக் கிடக்கிறதாம். அதைப் பிரித்துப் படிக்க அணுவால் முடியாததால் கிருமி தூங்குகிறதாம். தூங்குகிற கிருமியை மாத்திரை தொடாது. புது மருந்து சுருளைத் தளர்த்தும், கிருமி விழிக்கும், உடம்பு அதை அடையாளம் கண்டு கொல்லக்கூடுமாம். அக்கா சரி என்றாள்.

மூன்றாவது வாரம் அறிக்கையில் கிருமியின் அளவாக ஒரு எண் வந்தது. பதினோரு வருஷத்தில் முதல் எண். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரும் உதவியாளரும் கைதட்டினார்கள்.

"முழிச்சிடுச்சும்மா. மருந்து வேலை செய்யுது."

"முழிச்சது செத்துச்சா?" என்றாள் அக்கா.

"இன்னும் இல்லை. ஒளிஞ்சிருக்கிற அணுக்கள் குறையலை. பழைய மாத்திரை சாப்பிடறீங்கல்ல, பரவாது. பயப்படாதீங்க."

"அப்ப அந்த மாத்திரையை எப்ப நிறுத்தலாம்?"

டாக்டர் திருதிருவென்று விழித்தார். "நிறுத்தறதா? அப்படி நாங்க சொல்லலியேம்மா. படிவத்துல தெளிவா எழுதியிருக்கோமே."

எனக்கு வந்ததே கோபம். மேஜையில் ஓங்கி அடித்தேன். "எங்கக்காவைச் சோதனை எலின்னு நினைச்சீங்களா?" என்று கத்தினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது பக்கப் படிவத்தை அவளுக்குப் படித்துச் சொன்னது நான்தான். கண்ணாடி உடைந்துவிட்டது, நீயே படி என்றிருந்தாள். ஆறாம் பக்கத்தில், பங்கேற்பவருக்கு இதனால் நேரடிப் பலன் கிடையாது என்று இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்று அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிட்டேன்.

"டாக்டரை எதுக்குடி திட்டுற?" என்றாள் அக்கா.