இருபது வளைவும் பிலோமியின் குரலும்

சேலத்தில் எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது எதிரே தெரிவது சேர்வராயன் மலைதான். ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம். என் மனைவி ஸ்டெல்லாவின் தங்கை பிலோமி அந்த மலையில், மஞ்சக்குட்டையில், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ஒரு ரைட்டருக்கு வாழ்க்கைப்பட்டுப் பல வருஷமாகிறது. ஸ்டெல்லா அந்த வீட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காரணம் சண்டையல்ல, வாந்தி. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதைத் தாண்டுவதற்குள் அவளுக்குக் குடலே வெளியே வந்துவிடும். எலுமிச்சை, இஞ்சி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. போன முறை ஆறாவது வளைவிலிருந்து திரும்பினோம். அக்காவும் தங்கையும் சந்திப்பதெல்லாம் சேலத்தில்தான்.

இந்த முறை திரும்ப முடியாது. பிலோமிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே மாதா கோயிலில் ஞானஸ்நானம். அக்காதான் ஞானத்தாய் என்று பிலோமி ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். ஞானத்தாய் என்றால் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும், வாழ்த்து அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிட முடியாது. அக்கா வராவிட்டால் யாரை நிறுத்துவது என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வேறு ஆரம்பித்திருந்தது.

ஒரே ஒரு வழி எங்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கையோடு பேசிக்கொண்டே போனால் ஸ்டெல்லாவுக்குக் குமட்டுவதில்லை. ஓமலூர் பஸ்ஸில் பிலோமி அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது அதைக் கண்டுபிடித்தோம். ஆனால் காதில் எதையாவது செருகினாலோ போனை ஒட்டி வைத்தாலோ தலை சுற்றும், போனின் சொந்த ஸ்பீக்கரோ எங்கள் காரின் இரைச்சலில் கேட்காது. எங்கள் கார் கிழம். அதிலிருக்கும் ஸ்டீரியோவில் ரேடியோவும் கேசட்டும் மட்டும்தான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அடிவாரத்தில், சாலையோரத்து ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் காரை நிறுத்தினேன். கடைக்காரர் பழனிச்சாமி ஸ்டீரியோவை எட்டிப் பார்த்தார்.

"இதை எதுக்குங்க கழட்டோணும்? நல்ல செட்டுங்க. சிகரெட் லைட்டர் ஓட்டையில ஒண்ணைச் சொருகிட்டாப் போதும்ங்க. போன்ல ப்ளூடூத்தை ஆன் பண்ணுங்க, ரேடியோவை இந்த நம்பர்ல வையுங்க, பாட்டு அதுபாட்டுக்கு வரும்ங்க."

"பாட்டு இல்லைங்க, என் தங்கச்சி பேசணும்," என்றாள் ஸ்டெல்லா.

"தங்கச்சியும் வரும்ங்க," என்றார் அவர் சிரிக்காமல்.

கட்டைவிரல் நீளக் கருவி, அறுநூற்றைம்பது ரூபாய். போன் சொல்வதை வாங்கி, ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி காருக்குள்ளேயே ஒலிபரப்பும். எங்கள் பேச்சை எடுத்துக்கொள்ள அதிலேயே ஒரு மைக். பழனிச்சாமி எண்பத்தெட்டு புள்ளி ஒன்றில் வைத்துக் கொடுத்தார். மலை ஏறும்போது வேறெந்த நிலையமும் குறுக்கே வராத இடம் அதுவாம். பிலோமியை அழைத்தேன். கார் கதவிலிருந்தெல்லாம் அவள் குரல் வந்தது. ஸ்டெல்லா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையில் பாலித்தீன் பையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எட்டரைக்கு ஏறத் தொடங்கினோம். வளைவு எண்ணை நான் பலகையில் பார்த்துச் சொல்வேன், மீதியைப் பிலோமி பார்த்துக்கொண்டாள். "அக்கா, ரோட்டைப் பாக்காத. எட்ட இருக்கற மலையைப் பாரு. மூச்சை இழுத்து விடு. பாப்பா இப்பத்தான் கொட்டாவி விட்டா, உன்னைய மாதிரியே வாயைப் பொளந்துட்டு." ஆறாவது வளைவு வந்தது, போனது. ஸ்டெல்லா என் பக்கம் திரும்பிக் கண்ணை அகலமாக்கினாள். நான் கியரை மாற்றினேன்.

பதினோராவது வளைவில் மேலிருந்து வந்த லாரியும் ஏறிய பஸ்ஸும் விலக இடமில்லாமல் எதிரெதிரே நின்றன. எங்களுக்குப் பின்னால், அடிவாரத்திலிருந்தே கூட வந்த, மஞ்சக்குட்டைக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப். "மாமா வண்டியை ஓட்டறாரா, உருட்டறாரா?" என்று பிலோமி கேட்டதும் பின்னாலிருந்து ஜீப்பே சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜீப் டிரைவர் இறங்கி வந்தார்.

"ஏனுங்க சார், உங்க போனு எங்க ரேடியோவுல பேசுதுங்க. அடிவாரத்துல மாட்டினீங்களா? பழனிச்சாமி எல்லா வண்டிக்கும் அதே நம்பரைத்தானுங்க வெச்சுக் குடுப்பாரு. நான் போனுக்குச் சார்ஜ் போட எங்க வண்டியில இருந்த இதே பின்னைக் கழட்டினேன், உங்க ஊட்டுப் பேச்சு உள்ள வந்துருச்சு." அவர் பெயர் குமார். குனிந்து உள்ளே பார்த்தார். "இது ரைட்டர் ஊட்டுப் பிலோமி அக்கா கொரலாட்ட இருக்குதுங்களே?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொட்டாவி முதல் நான் உருட்டுவது வரை ஒரு ஜீப் ஜனம் கேட்டிருக்கிறது! ஆனால் அவர்கள் யாரும் அதைக் கேலியாக எடுக்கவில்லை. அக்கா மலையேற முடியாதவள் என்பது மஞ்சக்குட்டையில் ஊரறிந்த சங்கதி போலிருக்கிறது. வழி விட்டதும் குமார் எங்களை முந்தாமல் ஒட்டியே வந்தார்.

பதினாலாவது வளைவு தாண்டியதும் சிக்னல் போயிற்று. பிலோமி பாதி வார்த்தையில் நின்றாள். ஸ்பீக்கரில் வெறும் அமைதி. ஸ்டெல்லாவின் முகம் வெளுத்தது. பையை வாயருகே கொண்டுபோனாள். "ஏங்க, திரும்பிடலாம்ங்க. என்னால ஆகாது." நான் ஓரம் கட்டினேன். மறுபடி மறுபடி அழைத்துப் பார்த்தேன், போகவில்லை.

ஜீப்பும் பின்னால் நின்றது. அதிலிருந்து காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் ராசாத்தி என்ற அம்மாள் இறங்கினார். "எங்களுக்கும் கட்டாயிருச்சுங்க," என்று சொல்லிக்கொண்டே, கேட்காமல் கொள்ளாமல் எங்கள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்தார்.

"கண்ணு, உன் தங்கச்சி உட்ட எடத்துல இருந்து நான் சொல்றேன். அதா, அந்த சில்வர் ஓக்கு மரத்தைப் பாரு, மேல வரைக்கும் மொளகுக் கொடி ஏறிக்குது பாரு. உன் தங்கச்சி ஊட்டு வாசல்லயும் ஒண்ணு இருக்குது. போன வாரம் நான் பாப்பாவைக் குளிக்கத் தண்ணி ஊத்திவுட்டேன். நொம்பச் சிரிப்பு அதுக்கு. வண்டிய எடுங்க சார்."

எடுத்தேன். குமார் இப்போது முன்னால் போய், எங்களுக்காக அகல வளைத்து, மெதுவாக ஏறினார். அவர் போன தடத்திலேயே நானும் போனேன். ராசாத்தி அக்கா வாயை மூடவே இல்லை. இருபதாவது வளைவு எப்போது வந்தது என்று ஸ்டெல்லாவுக்கு இன்றுவரை தெரியாது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை முனையில் டீ குடிக்க நின்றபோது பை காலியாகவே இருந்தது. சிக்னல் வந்துவிட்டது, பேசுகிறாயா என்றேன். "வேண்டாம், நேர்லயே போய் நிக்கறேன்," என்றாள். முன்பின் தெரியாத அந்த இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். நன்றி என்று சொன்னேன். போதவே போதாத வார்த்தை அது.

பத்தேகால் மணிக்கு மஞ்சக்குட்டை. பிலோமி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே கட்டிலில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அணைந்த போனை வாயருகே பிடித்தபடி பிலோமி கண்ணை மூடிப் பேசிக்கொண்டிருந்தாள். "அக்கா, எட்டப் பாரு. மூச்சை இழுத்து விடு. பதினெட்டு போயிருச்சு, இன்னும் ரெண்டே ரெண்டு..."

ஸ்டெல்லா வாசலிலேயே நின்றுவிட்டாள். "கட்டாயிருச்சு, தெரியலையாடி உனக்கு?"

பிலோமி கண்ணைத் திறந்தாள். "தெரியும்க்கா. நான் நிறுத்தினா நீ திரும்பிப் போயிருவியோன்னு பயமா இருந்துச்சு."

ஞானஸ்நானம் நல்லபடி முடிந்தது. தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது. ஸ்டெல்லா அதை இறுக்கிப் பிடித்து நின்றாள். ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பிலோமியும் குழந்தையும் அசந்து தூங்கியதால் போன் செய்யவில்லை. இறங்கும் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி, பழையபடி குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி எடுத்தாள் என் மனைவி. இரண்டாவது முறை தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தபோது வாயைக் கொப்பளித்துவிட்டு மேலே மலையைப் பார்த்தாள்.

"ஏங்க, மாசம் ஒருக்கா வந்துடலாம்ங்க," என்றாள்.