வெள்ளி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்

உலகத்தின் நாலு பெரிய கதவுகளை ஒரே வாரத்தில் இழுத்துச் சாத்தியவள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறாள். எந்தப் பேரரசனாலும் முடியாத காரியம். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். சாத்தியவர்கள் அந்தந்த ஊர்க் காவலாளிகள்; அவர்கள் வாராவாரம் சாத்துகிறவர்கள். ஆனால் சாத்தின கதவுக்கு முன்னால் ஒரு மனிதரைச் சரியாக அந்த நாளில் கொண்டுபோய் நிறுத்தியவள் என் நாத்தனார்தான்.

வீட்டில் அவளுக்கு அட்லஸ் என்று பெயர். என் வீட்டுக்காரரின் தங்கை, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களை ஊர் சுற்ற அனுப்பினாள். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கின ஆபீஸ் அது. மூன்று மேசை, சுவரில் ஐந்து நாட்டு மணி காட்டும் ஐந்து கடிகாரம், அதில் இரண்டு எப்போதும் ஒரே மணியைத்தான் காட்டும். அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தாஜ்மகால் படம். வெயில் பட்டு நீலம் பூத்திருக்கும். பாஸ்போர்ட்டை வேளை தவறாமல் புதுப்பித்துக்கொள்வாள். அப்போது கையிலிருந்த மூன்றாவது பாஸ்போர்ட்டிலும் ஒரு முத்திரை கிடையாது.

திட்டம் போடுவதில் அவள் முறையே தலைகீழ். எங்கே போகலாம் என்று தொடங்க மாட்டாள்; என்றைக்குப் போகக் கூடாது என்று தொடங்குவாள். அதற்கென்று ஒரு பழுப்பு அட்டை நோட்டு. எந்த அரண்மனைக்கு எந்தக் கிழமை விடுமுறை, எந்த மியூசியம் எத்தனை மணிக்கு ஆள் விடுவதை நிறுத்தும், எல்லாம் சிவப்புப் பென்சிலில். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு கிழவரை விடுமுறை நாளில் ஒரு கோட்டைக்கு அனுப்பிவிட்டாளாம். அவர் திரும்பி வந்து திட்டக்கூட இல்லை, "பரவாயில்லம்மா" என்றாராம். அந்தப் பரவாயில்லையைத் தாங்க முடியாமல் தொடங்கிய நோட்டு அது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு விமானக் கம்பெனி டிராவல்ஸ்காரர்களுக்குப் போட்டி வைத்தது. ஒரே வாரத்தில் உலகத்தின் நாலு இடங்களைக் காட்டும் திட்டம் எழுத வேண்டும். நல்ல திட்டத்தை எழுதியவருக்கு அதே பயணம் இரண்டு பேருக்கு இலவசம். திரும்பி வந்து கம்பெனியின் ஆண்டுவிழாவில் படம் காட்டிப் பேச வேண்டும். அட்லஸ் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினாள். புதன் தாஜ்மகால், வெள்ளி வாடிகன் மியூசியம், சனி வெர்சாய் அரண்மனை, ஞாயிறு லூவர். எழுதினதை மேனேஜரிடம் தபாலில் சேர்க்கக் கொடுத்தாள். பரிசு மேனேஜர் பெயருக்கு வந்தது.

"சார், அது நான் எழுதினது."

"ஆபீஸ் பேப்பர்ல எழுதினீங்க, ஆபீஸ் பேனாவுல எழுதினீங்க. ஆபீஸுன்னா யாரு? நான்தானே? கோவிச்சுக்காதீங்கம்மா, வரும்போது உங்களுக்கு ஒரு சாவிக்கொத்து வாங்கிட்டு வரேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைச் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. "உங்க முதலாளிகிட்டப் போய்ச் சொல்லுடி" என்றேன்.

"சொன்னா அவர் கூப்பிட்டு விசாரிப்பாரு. நான் அழுவேன். அந்த ஆளு மன்னிப்பு கேப்பான். அவன் மன்னிப்பை வாங்கி நான் எங்க வெச்சுக்கறது அண்ணி?"

அப்புறம் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

இரண்டாம் வாரம் மேனேஜரே வந்து மாட்டினார். புதன்கிழமை ஏதோ மேலிடத்துக் கூட்டமாம். "எல்லாத்தையும் ரெண்டு நாள் தள்ளிப் போட்டுடுங்கம்மா."

"எல்லாத்தையுமா சார்?"

"எல்லாத்தையும்தான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். டிக்கெட் எல்லாம் அந்தந்த வாசல்லயே வாங்கிக்கலாம். தள்ளிடறேன்."

அவள் திட்டத்தின் அழகே அதுதான். உள்ளபடி வைத்தால் நாலு கதவும் திறந்திருக்கும். இரண்டே நாள் தள்ளினால் வெள்ளி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை, வெர்சாய்க்குத் திங்கள், லூவருக்குச் செவ்வாய். ஞாயிறன்று வாடிகன் மியூசியமும் அப்படித்தான். இதை அவள் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அடிக்குறிப்பாகவே எழுதியிருந்தாள். பரிசு வாங்கினவர் அந்தப் பக்கம் வரை போகவில்லை.

மேனேஜர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மச்சான்தான் படம் பிடிக்கிறவர். பிற்பாடு எங்களுக்குக் கதை சொன்னவரும் அவர்தான். நான் சேர்த்த உப்பு கொஞ்சம். தாஜ்மகால் வாசலில் காவலாளியிடம் "நான் போட்டியில ஜெயிச்சவன்" என்று பரிசுக் கடிதத்தைக் காட்டினாராம். காவலாளி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்றானாம். நாளைக்கு இவர் விமானத்தில். வெர்சாயில் அந்தத் தங்க முலாம் பூசின கம்பிக்கதவைப் பிடித்து உலுக்கினார் என்று மச்சான் சொன்னார். உலுக்கின சத்தம் பாரிஸ் வரை கேட்டது என்பது நான். செவ்வாய்க்கிழமை லூவருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிப் பிரமிடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாராம். "மாமா சிரிங்க, படம் எடுக்கணும்" என்றதற்கு மச்சானுக்குக் கிடைத்தது அடி.

எங்கிருந்தாவது ஆபீஸுக்குப் போன் செய்து கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னவென்று கத்துவார்? திட்டம் எழுதினதே அவர்தானே!

ஆண்டுவிழா ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்தது. நன்றாகப் பேசினால் டிராவல்ஸின் எல்லாக் கிளைகளுக்கும் அவரே தலைவர் என்று பேச்சு. படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போடும் வேலை அட்லஸுக்கு. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏதாவது ஏடாகூடம் ஆனால் கையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று நானும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் படம்: பூட்டின கதவு, பக்கத்தில் மேனேஜர். "வெளியிலிருந்து பார்க்கிற அழகே தனி" என்று சமாளித்தார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். மூன்றாவது பூட்டுக்குச் சிரிப்புக் கிளம்பியது. விமானக் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒரு அம்மாள், கையில் திட்டத்தை விரித்து வைத்திருந்தார்.

"எந்தெந்த இடம் என்னிக்கு மூடியிருக்கும்னு நீங்களே குறிப்பு எழுதியிருக்கீங்களே. எழுதின உங்களுக்கே மறந்து போச்சா?"

மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். "நாள் போட்டது நான் இல்ல மேடம். எங்க ஆபீஸ்ல இந்த அம்மாதான்…"

"சரி, குறிப்பு எழுதினது?"

ஆமாம் என்றால் அடிமுட்டாள், இல்லை என்றால் திருடன். மண்டபம் முழுக்கத் தெரிந்துபோனது. இருட்டுக்குள்ளிருந்து என் நாத்தனாரின் குரல், பாலில் சர்க்கரை கரைந்த மாதிரி:

"அடுத்த படம் போடட்டுமா சார்?"

போட்டாள். லூவர். அதற்கப்புறம் எழுந்து போய் அந்தப் பழுப்பு நோட்டை அதிகாரி அம்மாளின் மடியில் வைத்தாள். அவர் நாலு பக்கம் புரட்டினார், அவ்வளவுதான்.

தலைவர் பதவி வேறு ஊர்க்காரருக்குப் போனது. மேனேஜர் அதே நாற்காலியில், அதே ஐந்து கடிகாரத்துக்குக் கீழே ஓய்வு பெறும் வரை உட்கார்ந்தார். சொன்ன சொல் தவறாமல் சாவிக்கொத்து மட்டும் வாங்கி வந்திருந்தார். அவருக்குத்தான் சாவி தேவைப்பட்டது என்று நான் சொன்னதை அட்லஸ் ஆபீஸ் முழுக்கப் பரப்பினாள்.

கம்பெனி அவளுக்கு அந்தப் பயணத்தைத் தந்தது. கூட நான் போனேன். புதன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஒவ்வொரு இடத்திலும் உள்ளே போய்ப் பார்த்து முடித்ததும் ஒரு தபால் அட்டை வாங்கி, மேனேஜர் பெயருக்கு ஆபீஸ் முகவரி எழுதினாள். நாலு அட்டையிலும் ஒரே வார்த்தை: "திறந்திருக்கிறது." உறை போடாத அட்டை, அவர் மேசைக்கு வந்து சேருவதற்குள் எத்தனை பேர் படித்திருப்பார்கள்! "போதுமேடி, விட்டுடேன்" என்று லூவர் வாசலில் சொன்னேன். தபால்தலையை நாக்கில் ஈரமாக்கி ஒட்டிக்கொண்டே தலையாட்டினாள், மாட்டேன் என்று.

இவ்வளவும் எழுதி, எதிரில் உட்கார்ந்திருக்கும் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணி, நாலு கதவு இல்ல, மூணுதான். அது மாசத்தோட கடைசி ஞாயிறு. கடைசி ஞாயிறு வாடிகன் மியூசியம் திறந்திருக்கும், டிக்கெட்கூடக் கிடையாது. பன்னிரண்டரைக்கு ஆள் விடறதை நிறுத்திடுவாங்க. காலையில ஏழு மணிக்கே போய்ச் சேர்ற விமானம் ஒண்ணு இருந்துது. நான் அவருக்குப் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்றதைப் போட்டேன். மத்ததெல்லாம் அவர் போறதுக்கு முன்னாடியே மூடியிருந்த கதவு. அது ஒண்ணாவது அவர் கண்ணு முன்னாடி மூடணும்னு ஆசைப்பட்டேன்."