டீச்சரும் டிக் டிக்கும்

விமானக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு டீச்சர் என்று பட்டப்பெயர். எத்தனை அடி உயரத்தில் பறக்க வேண்டும் என்று ரேடியோவில் சொன்னால், விமானி அதை அப்படியே திருப்பி ஒப்பிக்கும்வரை விடமாட்டாள். விதியும் அதுதான். விதியைப் பிடித்துத் தொங்குகிறவளுக்கு எந்த ஆபீசில் நல்ல பெயர் கிடைத்திருக்கிறது?

நெரிசல் நேரத்தில் சில விமானிகள் வாயைத் திறக்கச் சோம்பல்பட்டு, மைக் பொத்தானை இரண்டு முறை தட்டுவார்கள். காதில் டிக் டிக் என்று கேட்கும். புரிந்தது என்று அர்த்தமாம். மற்றவர்கள் அதோடு விட்டுவிட்டு அடுத்த விமானத்துக்குப் போய்விடுவார்கள். தட்டியது யார் என்று எப்படித் தெரியும் என்பது இவள் வாதம். பத்தொன்பது வருடம் அப்படியே ஓட்டினாள்.

அன்று காலை மேற்பார்வையாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, பன்னெண்டு விமானம் காத்துக்கிட்டிருக்கு, நீ பள்ளிக்கூடம் நடத்திட்டிருக்க. டிக் டிக்னு வந்தா விட்டுட்டுப் போ. முடியலைன்னா எழுந்திரு, வேற ஆளப் போடறேன்."

அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்து இறங்கிவந்த சரக்கு விமானத்தை ஆறாயிரம் அடியோடு நிற்கச் சொன்னாள். டிக் டிக் என்று வந்தது. விட்டுவிட்டாள்.

தட்டியது வேறொரு விமானி. சரக்கு விமானத்துக்கு அவள் சொன்னது போய்ச் சேரவே இல்லை. முன்பு சொன்னபடி அது ஐயாயிரத்துக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. அங்கே நூற்றெண்பது பேரோடு ஒரு பயணிகள் விமானம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. திரையில் இரண்டும் நெருங்குவதைப் பார்த்து அவள் போட்ட கத்தலில் பயணிகள் விமானம் திரும்பியது. மயிரிழையில் தப்பின.

விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். அவள் குரல், டிக் டிக், பிறகு ஒன்றுமில்லை.

"சார்தான் விட்டுடச் சொன்னார்," என்றாள்.

"நானா? விதிய மீறுன்னு நான் சொல்லுவேனாம்மா?" என்றார் மேற்பார்வையாளர், ரொம்ப வருத்தப்பட்டவர்போல.

ரேடியோவில் பேசியதுதான் பதிவாகும். அவர் பேசியது அறையில். நாலு பேரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேலை மும்முரத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று நாலு பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். இனி வாழ்நாளில் அந்த மைக்கைத் தொட முடியாது. வீட்டில் கணவன் பொறுமையாகத்தான் கேட்டான்.

"அந்த ஆள் சொன்னா சொல்லிட்டுப் போறான். நீ எவன் சொன்னாலும் கேக்கமாட்டியே. அன்னைக்கு மட்டும் ஏன் கேட்ட?"

"சிரிச்சாங்க," என்றாள்.