சாமி தேய்த்த செருப்பு

காரையாற்றுக் காட்டுப்பாதையில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நான் நடந்தபோது கூட வந்தவர், செருப்புத் தைப்பவர். நரைத்த மீசை, வெறுங்கால். அந்தக் கோயிலில் இருந்து காட்டைக் காவல் சுற்றும் பட்டவராயர் சாமிக்குக் காணிக்கையாக, தானே தைத்த தோல்செருப்பைப் பையில் வைத்திருந்தார். நடக்க நடக்க அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சன்னதியில் குவிந்து கிடந்த செருப்புகளில் போன வருடம் தான் வைத்த ஜோடியைத் தேடியெடுத்து, புரட்டிக் காட்டினார்.

“பாத்தியளா அண்ணாச்சி? குதிகால் பக்கம் தேஞ்சிருக்கு. காடு பூரா இதப் போட்டுத்தான் சாமி நடந்திருக்காரு.”

“மழையில நைஞ்சிருக்கும்லா?” என்றேன்.

சிரித்தார். “நான் தச்சது மழைக்கெல்லாம் நையாது. நடந்தாத்தான் தேயும்.”

சாமி நடந்ததைக்கூட நான் சந்தேகப்பட்டிருப்பேன். அந்தத் தையலைச் சந்தேகப்பட இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.